தூணில் கட்டிய அளவுகோல்

பாசனப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஐம்பத்தைந்து வயதில் அரசாங்கம் என்னை வீட்டுக்கு அனுப்பியபோது, என்னிடம் உபயோகமானது எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அனுப்புகிறது என நினைத்திருந்தேன். ஆகவே சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். முதலில் என் சாதனைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் தீர்ந்துவிட்டன. தவறுகளை எழுதலாமென்றால் வீட்டில் அவ்வளவு காகிதம் இல்லை. எனவே ஒரே ஒரு தவறு.

லெவல் எடுப்பது எப்படி என்று சொல்லப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் புத்தகம் இருக்கிறது. மூன்று கால் ஸ்டாண்டின் மேல் கருவியை நிறுத்தி, தூரத்தில் ஒருவர் செங்குத்தாகப் பிடித்திருக்கும் அளவுகோலின் எண்ணைக் குழாய் வழியே படித்து, நிலத்தின் மேடு பள்ளத்தைக் குறித்துக்கொள்வது. "ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு வயக்காட்டைப் பார்க்கறதுக்கு இவருக்குச் சம்பளம் குடுக்கறாங்க" என்று என் மனைவி உறவினர்களிடம் விளக்குவாள். அதற்கு மேல் துல்லியமான விளக்கத்தை நானும் கேட்டதில்லை.

அந்தக் காலத்து டம்பி லெவல் குழாயில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். வானம் கீழே, வயல் மேலே. நடுவில் தலைகீழாக நிற்கும் அளவுகோல், அதைப் பிடித்தபடி தலைகீழாக நிற்கும் முனியப்பா. ஓசூரில் என்னிடம் கோல் பிடித்த கலாசி அவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். கோபம் வந்தால் மட்டும் எந்த மொழியும் பேசமாட்டார். வெற்றிலை போட ஆரம்பித்துவிடுவார். எட்டு வருஷம் அவரைப் பெரும்பாலும் தலைகீழாகவே பார்த்தவன் நான். நேராகப் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு வியாதி வர வேண்டியிருந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. இப்போது நீங்கள் பார்க்கும் தொழிற்சாலைகள் ஒன்றும் கிடையாது. குளிர் மட்டும் இருந்தது. மார்கழியில் ஊரே கம்பளிக்குள் குடியிருக்கும். அந்த மார்கழியில் நான் வெறும் பனியனோடு, கிணற்றுத் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டு, "என்ன புழுக்கம், என்ன புழுக்கம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்து வீட்டு வாத்தியார் நான் ஏதோ கடுமையான விரதம் இருப்பதாக எண்ணி, என்னைப் பார்த்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

விரதம்தான் இல்லை. காலையில் மூன்று களி உருண்டை, பத்து மணிக்குத் தட்டு நிறைய இட்லி, மத்தியானம் சாப்பாடு, அதை ஈடுகட்ட நாலு மணிக்கு இன்னொரு சாப்பாடு. நாவல்களில் கதாநாயகன் மெலிவதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அவன் உண்ணாமல் மெலிவான். அதில் ஒரு கௌரவம் இருக்கும். நான் உண்டு மெலிந்தேன். தையற்காரர் என் கால்சட்டையை மூன்றாம் முறை பிடித்துத் தைத்தபோது, "அடுத்த தடவ ரெண்டு பாக்கெட்டும் ஒண்ணாயிருமுங்க சார்" என்று எச்சரித்தார்.

"ஏங்க, நான் போடறதெல்லாம் எங்கதாங்க போவுது?" என்று என் மனைவி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. வயிற்றில் பூச்சி என்று முடிவு செய்து விளக்கெண்ணெய் கொடுத்தாள். பூச்சி ஒன்றும் வரவில்லை. மிச்சமிருந்த நான்தான் கொஞ்சம் போனேன்.

அலுவலகத்திலோ எனக்கு நல்ல காலம். தூக்கம் வராததால் விடியுமுன் வேலைக்குப் போய்விடுவேன். இரண்டு நாள் வேலையை ஒரு நாளில் முடிப்பேன். எழுதுவது வேகம், நடப்பது வேகம், பேசுவது எனக்கே புரியாத வேகம். கண்கள் சற்று முன்னே தள்ளிக்கொண்டு வந்ததில், சும்மா பார்த்தாலே முறைப்பதுபோல இருக்கும். அரசாங்கம் எனக்குக் கொடுக்க மறந்த அதிகாரத்தை அந்தக் கண்கள் கொடுத்தன. குமாஸ்தாக்கள் நான் கேட்காமலேயே ஃபைலை நீட்டினார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஆய்வுக்கு வந்த மேலதிகாரி, மற்ற ஓவர்சியர்கள் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, ஒரு வியாதிக்குக் கிடைத்தது.

ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடையில் வலு குறைந்துகொண்டே வந்தது. குனிந்தால் நிமிர, உட்கார்ந்தால் எழ, ஏதாவது ஒரு பிடி தேவைப்பட்டது. கருவியில் பார்க்கும்போது இடது கையை ஸ்டாண்டின் காலில் ஊன்றிக்கொள்ளப் பழகினேன். வயதாகிறது என்று நினைத்தேன். எனக்கு முப்பத்தெட்டு வயது.

கோடையில் ஒரு வேலை வந்தது. தேன்கனிக்கோட்டைச் சாலையில் மேல் ஏரி ஒன்று, கீழ் ஏரி ஒன்று. மேலே நிரம்பி வழிவதைக் கீழே கொண்டுபோக ஓர் இணைப்பு வாய்க்கால். சரிவு மிகக் குறைவு. ஓர் அங்குலம் தப்பினால் தண்ணீர் நடுவழியில் யோசித்துக்கொண்டு நின்றுவிடும். போகும்போது லெவல் எடுத்து, திரும்ப அதே வழியில் எடுத்து, புறப்பட்ட கல்லுக்கே, அதாவது உயரம் குறித்துக் கோடு வெட்டிய பெஞ்ச் மார்க் கல்லுக்கே, வந்து முடித்தேன். குறித்த உயரமே திரும்ப வர வேண்டும்; கணக்கு முடியவில்லை. கால் அடி வித்தியாசம். மறுநாள் மறுபடியும் எடுத்தேன். இந்தத் தடவை வித்தியாசம் எதிர்ப்பக்கம்.

இப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கருவியைச் சோதித்தேன், சரியாக இருந்தது. அளவுகோலை நாடாவால் அளந்தேன், சரி. புறப்பட்ட கல் அசைந்திருக்கிறதா என்று பார்த்தேன். அது அசைகிற ஜாதி இல்லை. பிறகு குழாய் வழியே கூர்ந்து பார்த்தேன். கோல் நடுங்கிக்கொண்டிருந்தது. பொடிப்பொடியாக, நிற்காமல்.

"கோலை ஆட்டாதய்யா" என்று கத்தினேன்.

"ஆட்டலைங்க சார்" என்று அங்கிருந்து பதில் வந்தது.

ஒரு வாரம் இதே சம்பாஷணை. நான் கத்துவேன், அவர் மறுப்பார், நான் இன்னும் கத்துவேன். பொதுவாக நான் அதிர்ந்து பேசாதவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அந்த வாரத்தில் அதை மாற்றிக்கொண்டேன். முனியப்பா பதில் சொல்வதை நிறுத்திவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார்.

அவரை நிறுத்திவைத்து வேறொரு கலாசியைக் கூட்டிவந்தேன். இளைஞர், பயில்வான் மாதிரி தேகம். அவர் கையிலும் கோல் நடுங்கியது. இந்த இடத்தில் புத்தியுள்ளவன் நின்று யோசித்திருப்பான். நானோ, முனியப்பா அவரையும் கெடுத்துவிட்டார் என்று முடிவு செய்தேன்.

எதில் கெடுத்துவிட்டார்? அதையும் நானே கண்டுபிடித்தேன். சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு இருந்த காலம். எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யத்தில் கிடைக்கும் என்று ஊரில் பேச்சு. முனியப்பாவின் மகளை அத்திப்பள்ளிக்கு அந்தண்டை ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. ஞாயிறுதோறும் அவர் எல்லை தாண்டிப் போய்ப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவார். எட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த வாரம் அதற்குப் புது அர்த்தம் தோன்றியது. ஞாயிறு அந்தப் பக்கம், திங்கட்கிழமை கை நடுக்கம். மேசை முன் உட்கார்ந்து ஒரே மூச்சில் மெமோ எழுதினேன். கலாசி முனியப்பாவுக்குக் கை நடுக்கம் இருக்கிறது, எல்லைக்கு அப்பால் சென்று குடித்துவிட்டு வருவதாகச் சந்தேகம், அளவைப் பணிக்கு லாயக்கற்றவர். அன்றைய தபாலிலேயே கிருஷ்ணகிரிக்கு அனுப்பினேன். எல்லாவற்றிலும் வேகம் என்றேன் அல்லவா?

முனியப்பா அதுவரை தற்காலிக ஆள். எட்டு வருஷமாகத் தற்காலிகம். அந்த மாதம்தான் நிரந்தரமாக்க வேண்டியவர்களின் பட்டியல் கிருஷ்ணகிரியில் தயாராகிக்கொண்டிருந்தது. பட்டியலில் அவர் பெயர் இருந்தது. சிபாரிசு செய்தவன் நான். என் மெமோ போய்ச் சேர்ந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். நிரந்தரம் போவதோடு நிற்காது. குடித்தார் என்று அதிகாரி கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தால், இருக்கிற வேலையும் போகும். போலீஸ் வீட்டுக்கு வந்தாலும் வரும்.

மோரைத் தவிர வேறெதையும் குடித்தறியாத மனிதர் அவர். மெமோவில் இருந்ததை எங்கள் குமாஸ்தா மூலம் தெரிந்துகொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, அந்த இளைஞரும் வேறு வேலைக்குப் போய்விட, வேறு ஆள் கிடைக்காததால் அவரையே கூட்டிக்கொண்டு மறுபடி ஏரிக்குப் போனேன். கரையோரம் இடிந்த நாலுகால் மண்டபம் ஒன்று உண்டு. கூரை போய்விட்டது, கருங்கல் தூண்கள் மட்டும் நிற்கும். முனியப்பா அந்தப் பக்கம் போனார். நான் கருவியை நிறுத்தி, இடது கையை ஸ்டாண்டில் ஊன்றிக் குனிந்தேன். முகத்தில் வழியும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு குழாயில் பார்த்தேன். தலைகீழாக மண்டபம், தலைகீழாகத் தூண், அதையொட்டிக் கோல். ஆளைக் காணோம். உட்கார்ந்துகொண்டு பிடிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்ததுமே எரிச்சல் வந்தது. கோலோ முன்னெப்போதையும்விட அதிகமாக நடுங்கியது.

"முனியப்பா, கோலை ஆட்டாதய்யா" என்று ஏரி அதிரக் கத்தினேன்.

"நான் இங்க நிக்கிறேன் சார்" என்று என் காதருகில் ஒரு குரல் சொன்னது.

நிமிர்ந்தேன். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, வெற்றிலையை மென்றபடி, என் பக்கத்தில் நின்றிருந்தார். தூரத்தில் கோல் தூணோடு தூணாக இருந்தது. கயிற்றால் மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"கோலு ஆடுதுங்களா சார்?"

வெற்றிலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"தூணும் ஆடுதுங்களா?"

மறுபடி குனிந்து பார்த்தேன். ஆடியது. தூணும் ஆடியது. எந்தக் காலத்து ராஜாவோ நட்டுவைத்த கருங்கல், என் கண்ணெதிரில் குளிர் ஜுரம் வந்ததுபோல நடுங்கியது. பிறகு என் இடது கை மேல் முனியப்பா தன் விரலை வைத்தார். வைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, தொட்டார். "இத எடுங்க" என்றார். ஸ்டாண்டிலிருந்து கையை எடுத்தேன். கோல் நின்றது. எண்கள் அச்சடித்ததுபோலத் தெரிந்தன.

கையை முன்னால் நீட்டிப் பார்த்தேன். அரச இலைபோல ஆடிக்கொண்டிருந்தது. மாதக்கணக்காக ஆடியிருக்க வேண்டும். கருவியைச் சோதித்தேன், கோலைச் சோதித்தேன், கல்லைச் சோதித்தேன், முனியப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகளைக்கூடச் சோதித்தேன். குழாயின் இந்த முனையில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கத் தோன்றவில்லை. இந்தத் தவறை வக்கீலோ வாத்தியாரோ செய்ய முடியாது. உலகம் முழுவதையும் நம் கண்ணின் மட்டத்தை வைத்து அளக்கும் நம்மால்தான் முடியும்.

முனியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "லிஸ்டு சனிக்கிழமை மேல போவுதுங்களாம்" என்றார். அவ்வளவுதான். அன்று வியாழன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் கிருஷ்ணகிரிக்குப் போனோம். மாம்பழக் காலம். இறங்கிய இடமெல்லாம் வண்டி வண்டியாகப் பழம். நெஞ்சு நெல் அரைக்கும் மில் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது, மானம் போகும் காரியமாகப் போய்க்கொண்டிருந்தேன், அப்படியும் பசித்தது. தெருவோரம் நின்று பழமாகத் தின்றேன். முனியப்பா ஒன்றை மட்டும் வாங்கித் தோலைச் சீவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "இது கோபம் இல்லீங்க சார், நோவு" என்றார். "எங்க ஊட்டு எருமை ஒண்ணு இப்பிடித்தான் தின்னுத் தின்னு எளைச்சுது." எருமைக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

துணைப்பிரிவு அதிகாரி நல்லவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிற ரகம். மெமோவைத் திரும்பக் கேட்டேன். கொடுக்க முடியாது என்றார். உள்வரவுப் பதிவேட்டில் எண் போட்டாகிவிட்டது. எண் போட்ட காகிதம் பிறந்த குழந்தை மாதிரி, திருப்பி அனுப்ப வழியில்லை. வேண்டுமானால் அதை ரத்து செய்து இன்னொரு காகிதம் எழுதலாம். காரணம் எழுத வேண்டும்.

காரணத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கி என் கையைப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"கருவி பழுதுன்னு எழுதிடுங்க" என்றார். "அந்த ஆளும் தப்பிச்சுடுவான், நீங்களும் தப்பிச்சுடுவீங்க. கை நடுங்குதுன்னு உங்க கையாலயே எழுதிக் குடுத்தா, ஃபீல்டுக்கு லாயக்கில்லைன்னு ரெக்கார்டு ரூம்ல தள்ளிருவாங்க. ரெண்டு குழந்தைங்க இருக்குல்ல?"

அன்பாகத்தான் சொன்னார். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அதிகாரியே கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு பொய்யை, சர்க்கரை போட்டுத் தருவார். கருவிக்கு வாய் இல்லை, அது ஆட்சேபிக்காது. பேனாவை எடுத்துவிட்டேன். "கருவி" என்று எழுதியும்விட்டேன்.

ஜன்னல் வழியே பார்த்தேன். வெளியே புங்கமரத்தடியில் முனியப்பா நின்றிருந்தார். உட்கார இடமிருந்தும் நின்றிருந்தார். நேராக, அசையாமல், கோல் பிடிக்கிற தோரணையிலேயே. கையில் கோல் இல்லை, அவ்வளவுதான். கருவி பழுது என்று எழுதினால், அவர் மேல் சொன்ன குடிப் புகாருக்கு அது பதிலாகாது. கருவி பழுதானால் ஓவர்சியருக்கு ஏன் சந்தேகம் வந்தது, நெருப்பில்லாமல் புகையுமா என்று பட்டியலைப் பார்க்கிறவன் நினைப்பான். அவர் தூணில் கட்டி நிரூபித்ததை நான் ஒரு சொல்லில் அவிழ்த்துவிடுவேன். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கருவியை நாற்பது தடவை சோதித்திருக்கிறேன். அது பழுது என்று எழுத, என் தொழில் புத்திக்கே கூசியது. மனிதனைப் பற்றித் தவறாக எழுதக் கூசாதவன் கருவிக்காகக் கூசினேன் என்பது எனக்குப் பெருமை தரும் செய்தி இல்லை.

"கருவி" என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதினேன். "கருவி சரியாக இருக்கிறது. அளவுகோல் சரியாக இருக்கிறது. அதைப் பிடித்த முனியப்பா சரியாக இருக்கிறார். குடிப்பழக்கம் என்று நான் எழுதியது என் கற்பனை. பார்த்தவன் சரியில்லை." கீழே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்தே அத்தாட்சியாக இருந்தது, கோழி கிளறியதுபோல.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். "கருவி பழுதுன்னா ஸ்டோர் ஃபைல். ஆள் மேல புகார்னா எஸ்டாப்ளிஷ்மென்ட் ஃபைல். தன் மேலயே புகார்னா எந்த ஃபைல்லங்க வைக்கிறது?" என்றார். பிறகு மணியடித்து, அதற்கும் ஓர் எண் போடச் சொன்னார். எனக்கு மருத்துவ விடுப்பு விண்ணப்பத்தை அவரே எடுத்து நீட்டினார்.

பெங்களூரில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம், நானும் மனைவியும். அவர் என்னை எதுவும் கேட்கும் முன் கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் பறக்கத் துடித்தது. தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கழுத்தைத் தடவினார். நாடியைப் பிடித்துக்கொண்டு, மார்கழியில் வேர்த்ததா, நிறையச் சாப்பிட்டும் இளைத்தேனா, எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேனா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு என் மனைவி முந்திக்கொண்டு பதில் சொன்னாள்; கொஞ்ச நேரம் சொன்னாள்.

கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது, உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பது அதன் பொறுப்பு என்று அவர் விளக்கினார். கைக்கடிகாரத்துக்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன முள் ஒன்று உண்டல்லவா, எனக்கு அது ஒரேயடியாக வேகத்தின் பக்கம் தள்ளிக்கொண்டுவிட்டது. நிச்சயப்படுத்த இன்னொரு சோதனை. வெறும் வயிற்றில் படுக்கவைத்து, வாயில் ஒரு குழாயைக் கவ்வக் கொடுத்து, மூக்கைக் கிளிப்பால் அடைத்தார்கள். நான் மூச்சுவிட விட, உருளையில் சுற்றிய காகிதத்தில் ஒரு பேனா கோடு போட்டுக்கொண்டே போனது. கோட்டின் சரிவுதான் வியாதியின் அளவு. எழுந்ததும் அதை வாங்கிப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் சரிவு பார்த்தவன். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாய்க்காலுக்கு இப்படி ஒரு சரிவு கொடுத்தால் முதல் மழையில் இரண்டு கரையையும் அரித்துக்கொண்டு போய்விடும்.

"உங்க கோபம், பதற்றம் எதுவும் நீங்க இல்லை. எல்லாம் இந்தச் சுரப்பி" என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது, ஊர் திரும்பும் பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டும்வரை. அங்கே ஞாபகம் வந்தது. மெமோவில் கையெழுத்துப் போட்டது தைராய்டு அல்ல, நான்.

பிறகு மாத்திரைகள். வேளை தவறாமல், மாதக்கணக்கில். தொண்டை வலியோ ஜுரமோ வந்தால் அந்த நிமிஷமே மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு. யாராவது இருமினாலே என் மனைவி என் தொண்டையை விளக்குப் பிடித்துப் பார்ப்பாள். ஓய்வு, ஓய்வு, மேலும் ஓய்வு. காபி கூடவே கூடாது. முடிவில் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அசையாதவன், இதைக் கேட்டுக் கலங்கினேன். மெல்ல மெல்ல நெஞ்சு அடங்கியது. ஒரு நாள் மத்தியானம் ஒரே சாப்பாட்டோடு எழுந்தேன். என் மனைவி இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சுவாமி படத்துக்கு விளக்கேற்றினாள்.

ஆபரேஷனுக்கு முந்திய பத்து நாள் பாலில் அயோடின் சொட்டுவிட்டுக் கொடுத்தார்கள். துருப்பிடித்த ஆணியைப் பாலில் வேகவைத்தால் அப்படி இருக்கும். பிறகு கழுத்தைத் திறந்து, அந்தச் சுரப்பியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். விழித்ததும் பேசிப் பார்க்கச் சொன்னார்கள்; குரலுக்கு ஆபத்து வரலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "குளிருது" என்றேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை எனக்குக் குளிர்ந்தது. போர்வை கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டு, அன்று தூங்கிய தூக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

நாலாம் நாள் முனியப்பா வந்தார், மகளோடு. ஒரு தூக்குப் பாத்திரத்தில் மோர். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, என் கழுத்தில் குறுக்காக ஓடிய தையலை ரொம்ப நேரம் ஆராய்ந்தார்.

"கழுத்துல பெஞ்ச் மார்க் வெட்டிட்டாங்களா சார்?"

சிரித்தால் வலிக்கும், சிரிக்க வைக்காதே என்று மகள் அவரைக் கடிந்துகொண்டாள். கிளம்பும்போது மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். நிரந்தர உத்தரவு. படித்துக் காட்டச் சொன்னார். தமிழும் படிக்கத் தெரிந்தவர் அவர். ஆனாலும் நான் படித்துக் கேட்க வேண்டுமென்று நினைத்திருக்கிறார். படித்தேன். தாள் என் கையில் அசையவில்லை. அவர் உத்தரவைக் கேட்கவில்லை, தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் புரிந்தது.

என்னை வேலைக்கு லாயக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கிருஷ்ணகிரி அதிகாரி அதற்கும் எண் போட்டார். ரெக்கார்டு ரூம் தப்பியது, அல்லது நான் தப்பினேன். திரும்பிப் போன முதல் நாள் மறுபடியும் மார்கழி. ஏரி மேல் பனி மூட்டம். நான் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, அதற்கு மேல் மப்ளர். விட்ட இடத்திலிருந்து வாய்க்கால் லெவல்.

எனக்கு முன்பே முனியப்பா கோலைத் தூணில் கட்டி வைத்திருந்தார். "மொதல்ல இத பாருங்க. அப்புறம் நான் புடிக்கிறேன்" என்றார். கையை எங்கும் ஊன்றாமல் பார்த்தேன். தூண் தூணாக இருந்தது. "சரி" என்று கையைக் காட்டினேன். கட்டை அவிழ்த்து, கோலை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தார்.

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. காலையில் கருவியைச் சோதிக்கும் முன், பார்க்கப்போகிறவர் கையை நீட்ட வேண்டும். கோல் பிடிக்கிறவர் அதன் மேல் பீல்டு புக்கிலிருந்து ஒரு தாளை வைத்துப் பார்ப்பார். தாள் நின்றால்தான் கோல் நிற்கும். விதிப் புத்தகத்தில் இது இல்லை. நீங்கள் தொடர்ந்தால் சந்தோஷம். தொடர முடியாவிட்டால் ஒன்று செய்யுங்கள்: யார் மேலாவது மெமோ எழுதத் தோன்றும்போதாவது, ஒரு தடவை கையை நீட்டிப் பாருங்கள்.

அந்த முதல் நாள் இன்னும் முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு இடம் எடுத்தாயிற்று. எல்லாம் கல் மாதிரி நின்றன. கடைசி இடத்தில், புறப்பட்ட கல்லுக்கே திரும்பி வந்து, குனிந்து குழாயில் பார்த்தேன்.

கோல் நடுங்கியது.

இரண்டு கைகளையும் உயரத் தூக்கினேன். எதையும் தொடவில்லை. கோல் நடுங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அப்போதும் நடுங்கியது. திரும்பி வந்துவிட்டது, சுரப்பியில் மிச்சம் வைத்ததே போதும் என்று மறுபடி கிளம்பிவிட்டது, டாக்டரின் தாளெல்லாம் பொய் என்று என்னென்னவோ ஓடியது. அப்படியே தரையில் உட்காரப் போனேன். உட்காருமுன் கடைசியாக ஒரு தடவை, கோலை விட்டுவிட்டு, குழாயை அதைப் பிடித்திருந்த ஆள் பக்கம் திருப்பினேன்.

முனியப்பா தலைகீழாக நின்று, வெற்றிலைக் காவி தெரிய, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் கோலைப் பிடித்து, வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கோலை ஆட்டாதீங்கய்யா" என்று கத்தினேன்.

"இப்ப நான்தானுங்க சார் ஆட்டறேன்" என்று பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. "மெமோ எழுதிக்குங்க. பர்மனென்ட்டு ஆளு நானு."

நான் எழுதவில்லை. அவர் ஆட்டி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு எண்ணைப் படித்தேன். கணக்கு சரியாக முடிந்தது.